கார் கம்பெனி பசுமையா? அறிக்கையைப் பிரித்துப் பார்க்கும் வழி

கம்பெனியின் இணையதளத்தில் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை, அதாவது சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய ஆண்டறிக்கையை எடுங்கள். சந்தை மதிப்பில் முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகள் 2022-23 முதல் இதைத் தர வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. முன்பக்கத்துக் காற்றாலைப் படங்களைத் தள்ளிவிட்டு நேரே சுற்றுச்சூழல் பற்றிய 6-வது கோட்பாட்டுக்குப் போங்கள்.

கார்பன் வெளியேற்றத்தை மூன்று 'ஸ்கோப்'களாகப் பிரித்திருப்பார்கள். ஸ்கோப் 1 ஆலையில் எரிக்கும் எரிபொருள். ஸ்கோப் 2 வாங்கும் மின்சாரம். பெருமையடிப்பது பெரும்பாலும் இவற்றில்தான். சரக்கு இருப்பதோ ஸ்கோப் 3-இல், முக்கியமாக விற்ற கார் ரோட்டில் கக்கும் புகையில். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார் 2 லட்சம் கி.மீ. ஓடினால் 11,100 லிட்டர், 25 டன்னுக்கு மேல். ஆலைக் கூரையில் சோலார் போட்டு இதை ஈடுகட்ட முடியாது. ஸ்கோப் 3 கட்டம் காலியாக இருந்தால் தாராளமாக மார்க்கைக் குறையுங்கள். அதை நிரப்புவது கட்டாயமில்லை என்பதால் பலர் நழுவிவிடுவார்கள்.

'ஒரு காருக்கு இவ்வளவு குறைத்தோம்' என்றால் மொத்த டன்னையும் மூன்று வருடத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். விற்பனை கூடியிருந்தால் மொத்தமும் கூடியிருக்கலாம்.

அடுத்து உதிரிபாகம். கோவை ஃபவுண்டரியில் வார்த்த பிரேக் டிரம் நிலக்கரிக் கோக் போடும் குப்போலா உலையில் உருகியதா, மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் ஃபர்னஸிலா என்று சப்ளையரிடம் கேட்கிறார்களா, பாருங்கள்.

தண்ணீருக்கு பெயிண்ட் ஷாப்தான் முக்கியம். 'ஜீரோ டிஸ்சார்ஜ்', அதாவது கழிவுநீரை வெளியே விடுவதே இல்லை என்று போட்டிருந்தால், மிஞ்சும் உப்பும் சேறும் எங்கே போகிறது என்று தேடுங்கள். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.