பேஸ் கிட்டாருக்கு ப்ரீஆம்ப், ஈக்யூ பெடல்கள்: தேர்வும் அமைப்பும்

ஆம்ப் இல்லாமல் பேஸை நேரே மிக்சரில் இணைத்து வாசிப்பவருக்கு முதலில் வேண்டியது ப்ரீஆம்ப் பெடல், அதாவது கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி ஒலிக்கு வடிவம் தரும் பெடல். ஆம்ப்பின் ஒலி பிடித்திருந்தும் அரங்குக்கு அரங்கு அதைத் திருத்த வேண்டியிருப்பவருக்கு வெவ்வேறு அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூ பெடலே போதும். ப்ரீஆம்ப் வாங்கும்போது மிக்சரில் நேரே இணைக்க உதவும் எக்ஸ்எல்ஆர் வெளியீடும் (டிஐ வெளியீடு), கிட்டாரின் இயல்பான ஒலியைக் கலந்துகொள்ள உதவும் பிளெண்ட் குமிழும் உள்ளனவா என்று பாருங்கள். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் இவ்விரண்டும் உண்டு. பிளெண்ட் இல்லாத பெடலில் டிரைவை, அதாவது ஒலியின் கரகரப்பைக் கூட்டக் கூட்ட அடிநாதம் மெலிந்துபோகலாம்.

நான்கு கம்பி பேஸின் ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், 100 ஹெர்ட்ஸில் தொடங்கும் பாஸ் (Boss) நிறுவனத்தின் ஜிஇ-7 ஈக்யூ பெடலைவிட, 50 ஹெர்ட்ஸில் தொடங்கும் அதே நிறுவனத்தின் ஜிஇபி-7 பேஸுக்குப் பொருந்தும்.

அமைக்கும்போது ஈக்யூவின் எல்லா அலைவரிசைப் பட்டைகளையும் நடுவில் நிறுத்தி, பெடலை இயக்கினாலும் அணைத்தாலும் ஒலியளவு மாறாதபடி லெவலைச் சரிசெய்யுங்கள். இல்லையெனில், வெறும் சத்தக் கூடுதலையே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும். அறை குமுறினால் 120 ஹெர்ட்ஸை 3 டெசிபல் அளவுக்கு இறக்குங்கள். டிரம்ஸோடு வாசிக்கையில் பேஸ் அமுங்கினால், 50 ஹெர்ட்ஸை ஏற்றும் வழக்கமான ஆசையை அடக்கிக்கொண்டு 800 ஹெர்ட்ஸைச் சற்றே உயர்த்துங்கள். தனியே வாசிக்கும்போது இது மூக்கடைத்தாற்போல் கேட்கும். குழுவில்தான் இதன் அருமை தெரியும்.

ஈக்யூவை ப்ரீஆம்புக்கு முன் வைத்தால் டிரைவின் தன்மை மாறும். பின் வைத்தால் இறுதி ஒலி மட்டும் திருந்தும். மிக்சரில் இணைத்ததும் இரைச்சல் எழுந்தால், டிஐ வெளியீட்டின் கிரவுண்ட் லிஃப்ட் (தரை இணைப்பைத் துண்டிக்கும்) விசையை முதலில் மாற்றிப் பாருங்கள்.