பெயர்ச்சீட்டு இல்லாத ஐரிஸ் குமிழம்: எந்தத் துணைப்பேரினம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பூவின் நிறத்தை நம்பாதீர்கள். ஐரிஸ் என்ற பூச்செடிப் பேரினத்தில் குமிழம் உள்ளவை ஹெர்மோடாக்டிலாய்டிஸ், ஸ்கார்பிரிஸ், சிஃபியம் என மூன்று துணைப்பேரினங்கள், அதாவது பேரினத்துக்குள் அடங்கிய குழுக்கள். நீலமும் மஞ்சளும் இந்த மூன்றிலும் உண்டு. கீழேயிருந்து தொடங்குங்கள்.

படி 1: குமிழம்தானா? இஞ்சிபோல் கிடையாகப் படர்ந்தால் அது மட்டநிலத்தண்டு. தாடி ஐரிஸ் அப்படித்தான். சின்ன வெங்காயம்போல் உருண்டு, மேலே உலர்ந்த தோல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: தோலும் வேரும். இலை காய்ந்து செடி உறங்கும் காலத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும். வளரும்போது எல்லாவற்றுக்கும் வேர் இருப்பதால் குழம்பிப்போவீர்கள்.

தோல் வலைபோல் நாராகப் பின்னியிருந்தால் ஹெர்மோடாக்டிலாய்டிஸ். தோட்டக்காரர்கள் சொல்லும் ரெட்டிகுலேட்டா. தோல் காகிதம்போல் இருந்து, அடியில் சதைப்பற்றுள்ள தடித்த வேர்கள் உறக்கத்திலும் தங்கியிருந்தால் ஸ்கார்பிரிஸ், அதாவது ஜூனோ. அந்த வேர்களை ஒடித்துவிடாதீர்கள். சேமித்த உணவு அவற்றிலும் இருக்கிறது. ஒடிந்தால் அடுத்த ஆண்டு செடி நலிந்துபோகும். தடித்த வேர் இல்லையா? பெரும்பாலும் சிஃபியம். ஆனால் ஜூனோவை வாங்கும்போதே வேர் உதிர்ந்திருக்கலாம். எனவே இலை வரும்வரை முடிவு செய்யாதீர்கள்.

படி 3: இலை. ரெட்டிகுலேட்டாவின் இலை குறுக்குவெட்டில் பெரும்பாலும் நாற்கோணம். அதே குழுவின் பேக்கரியானா இனத்தில் ஏறக்குறைய உருளை. ஜூனோவின் இலைகள் மக்காச்சோளம்போல் இரு வரிசையில் அகலமாக விரியும். சிஃபியத்தில் குறுகலான, வாய்க்கால்போல் குழிந்த இலை.

படி 4: பூ. சிஃபியத்தில் உள் இதழ்கள் மூன்றும் பெரிதாக நிமிர்ந்து நிற்கும். ஜூனோவில் சிறுத்துப் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்கும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ரெட்டிகுலேட்டா குழுவைச் சேர்ந்த, துருக்கியின் மஞ்சள் டான்ஃபோர்டியே இனத்தில் உள் இதழ் வெறும் முள்மயிராகச் சுருங்கியிருக்கும். அதைக் கண்டு ஜூனோ என்று எழுதிவிடாதீர்கள். வலைத்தோல்தான் சாட்சி.

பூங்கொத்தில் வரும் டச்சு ஐரிஸ் சிஃபியம் குழுக் கலப்பினம். ‘ஆங்கில ஐரிஸ்’ எனப்படும் லாட்டிஃபோலியாவின் தாயகமோ பிரனீஸ் மலை; பெயரை வைத்து ஊரைத் தேடக்கூடாது!

பழைய சீட்டில் ‘ஜூனோ புகாரிகா’, ‘இரிடோடிக்டியம் ரெட்டிகுலேட்டம்’ என்றிருந்தால் வேறு செடி என்று நினைக்க வேண்டாம். ரஷ்யத் தாவரவியலாளர் ரோடியோனென்கோ 1961-இல் இவற்றைத் தனிப் பேரினங்களாகப் பிரித்தார். பிரிட்டிஷ் தாவரவியலாளர் பிரையன் மேத்யூ 1981-இல் ஐரிஸுக்குள்ளேயே துணைப்பேரினங்களாக வைத்தார்.

நாரான வலைத்தோல் இருந்தும் உள்ளே அடுக்கில்லாமல் கெட்டியாக இருக்கிறதா? பூவும் நண்பகலுக்குப் பிறகு விரிந்து அன்றே வாடுகிறதா? அது முன்பு ஐரிஸாக இருந்து இப்போது மொரேயா என்ற வேறு பேரினத்துக்குப் போய்விட்ட சிசிரிங்கியம் என்ற இனமாக இருக்கலாம். அது குமிழமல்ல, கந்தம் (அடுக்கில்லாத கெட்டியான நிலத்தடித் தண்டு).