ஒளிரும் நானோ துகள்களைக் கொண்டு குறித்த செல்களைப் படமெடுக்கும் முறை

பாலிமர் உறை போர்த்திய ஒளிரும் துகள்களைச் செல்லில் ஒட்டவைப்பது எளிது. அவை குறித்த ஏற்பியை (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் செல் மேற்பரப்புப் புரதத்தை) நாடித்தான் ஒட்டின என்று நிறுவுவதே கடினம். ஹீலா, கேபி ஆகிய புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கும் ஃபோலேட் ஏற்பி மிகுந்திருப்பதால், ஃபோலிக் அமிலத்தைக் கொண்டு இம்முறையைப் பழகுவது நல்லது.

காட்மியம் செலினைடு கருவும் துத்தநாக சல்பைடு ஓடும் கொண்ட குவாண்டம் புள்ளிகள் எனும் ஒளிரும் நானோ துகள்கள், பொதுவாக எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறுகள் சூழ உருவாவதால், நீரில் கலப்பதில்லை. பெக் எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் உறை அவற்றை நீரில் பரவி நிற்கச் செய்வதோடு, சீரப் புரதங்கள் மேலே படிவதையும் குறைக்கிறது. ஃபோலிக் அமிலம் இணைய இடமாக, முனையில் அமீன் தொகுதியுள்ள (நைட்ரஜன் கொண்ட) பெக் உறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபோலிக் அமிலத்தை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து, அமிலத்தை அமீனோடு இணைக்க உதவும் இடிசி, என்ஹெச்எஸ் ஆகிய வினைபொருள்கள் இரண்டையும் சேர்த்து, ஒளி படாமல் கலக்கி வையுங்கள். பின்னர் அதை, பிஎச் 8 அளவிலுள்ள போரேட் தாங்கல் கரைசலில் மிதக்கும் துகள்களோடு சேருங்கள். இங்கே ட்ரிஸ் தாங்கலைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள அமீன், துகளுக்குச் சேரவேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். இணையாமல் எஞ்சிய அமிலத்தை டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளைப் பிரித்து) நீக்கிவிட்டு, ஒளிச்சிதறல் கருவியில் துகளின் அளவைப் பாருங்கள். அது பன்மடங்கு பெருகியிருந்தால் துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள். அத்திரள்கள் செல்மீது படிந்து, பார்ப்பதற்கு வெற்றிபோலவே பளிச்சென்று தெரியும்.

செல்களை வளர்க்கும் ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருப்பதால், ஏற்பிகள் முன்கூட்டியே நிரம்பிவிடாதிருக்க, ஃபோலேட் இல்லாத ஊடகத்திற்குச் செல்களைச் சில நாட்கள் முன்பே மாற்றிவிடுங்கள்.

துகளிடாத செல்கள், ஃபோலிக் அமிலம் இணைக்காத துகளிட்ட செல்கள், தனித்த ஃபோலிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்து ஏற்பிகளை நிரப்பியபின் இணைத்த துகளிட்ட செல்கள் என மூன்று ஒப்பீட்டுத் தட்டுகளேனும் வேண்டும். நுண்ணோக்கியின் லேசர் வலிமையையும் உணர்திறனையும் எல்லாத் தட்டுகளுக்கும் ஒன்றாகவே வைத்திருங்கள். 4 டிகிரி செல்சியஸில் செல் எதையும் உள்ளிழுக்காது என்பதால் ஒளி அதன் விளிம்பில் மெல்லிய வளையமாக நிற்கும். 37 டிகிரியில் அதே ஒளி சிறுசிறு புள்ளிகளாக உள்ளே நகர்ந்திருக்கும்.

தனித்த அமிலம் சேர்த்த தட்டிலும் ஒளி குறையவில்லை என்றால், முதலில் உறையையே சந்தேகியுங்கள். ஃபோலிக் அமிலம் இணையாமல் எஞ்சிய அமீன் முனைகள் நேர்மின்சுமை ஏற்று, எதிர்மின்சுமையுள்ள செல் சவ்வில் ஒட்டுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். துகளின் மேற்பரப்பு மின்சுமையைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தத்தை அளந்து அதை உறுதிசெய்துகொண்டு, சல்ஃபோ என்ஹெச்எஸ் அசிட்டேட்டால் அம்முனைகளை மூடியபின், அதே தட்டுகளோடு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.