எல்டிஇ-யில் (4ஜி) போன் ஒரு செல்லிலிருந்து (ஓர் ஆன்டெனாவின் சேவைப் பகுதி) அடுத்ததற்கு மாறும்போது கால் கட் ஆனால் எதைத் திருத்துவது?

உடனே ஆன்டெனாவைச் சாய்க்கப் போகாதீர்கள். முதலில் அண்டை செல் பட்டியல். மாற வேண்டிய செல் அதில் இல்லையென்றாலோ, இரண்டு அண்டை செல்களுக்கு ஒரே பிசிஐ எண் இருந்தாலோ (போன் செல்லை அடையாளம் காணும் எண்; மொத்தமே 504 எண்கள்தான்), மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை.

பட்டியல் சரியா? டிரைவ் டெஸ்ட் (வண்டியில் ஓட்டிக்கொண்டே சிக்னலை அளப்பது) பதிவில், இணைப்பு அறுந்த போன் மறுபடி எங்கே ஒட்டியது என்று பாருங்கள். பழைய செல்லில் அறுந்து புதிய செல்லில் ஒட்டினால், மாற்றம் தாமதம். மாறிய கையோடு அறுந்து பழையதற்கே திரும்பினால், அவசரம்.

தாமதம்தான் அதிகம் படுத்தும். டைம்-டு-டிரிகர் (புதிய செல் வலுவாக இருப்பது எவ்வளவு நேரம் நீடித்தால் மாற்றம் தொடங்கும் என்ற அளவு) 640 மில்லிவினாடி இருந்தால் 320க்கு இறக்குங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 640 என்பது ஏறத்தாழ 9 மீட்டர். நேர்ச்சாலையில் பொருட்டில்லை, கட்டடம் மறைக்கும் தெருமுனையில் அதற்குள் சிக்னல் விழுந்துவிடும். போதாவிட்டால் மட்டும் ஏ3 ஆஃப்செட்டை (புதிய செல் பழையதைவிட எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்ற அளவு) 3 டெசிபெல்லிலிருந்து 2 ஆக்குங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

அவசரத்துக்கு இதையே தலைகீழாகச் செய்யலாம்.

ரொம்பக் குறைத்தால் போன் இரு செல்களுக்கிடையே பந்தாடப்படும். ஒரு ஜோடியில் மட்டும் தகராறு என்றால் பொது ஆஃப்செட்டைத் தொடாமல், அந்த அண்டைக்கான தனி ஆஃப்செட்டை மட்டும் 1 டெசிபெல் நகர்த்துங்கள்; எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.