ஆடி மழை உடுமலைக்கு ஏன் எட்டுவதில்லை? பிள்ளைகளோடு ஒரு 20 நொடி அனிமேஷன்

ஆனி, ஆடியில் வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாரில் மழை விடாமல் ஊற்றும். மலைக்கு இந்தப் பக்கம் உடுமலையில் நாலு தூறலோடு சரி. ஏன் என்று கேட்டால், "மேகம் மலையில முட்டி அங்கயே கொட்டிருதுங்க மிஸ்" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. முட்டுவதால் மழை வருவதில்லை. மலையேறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்ததால் ஆவி நீராகிறது. போர்டில் அம்புக்குறி போட்டால் இந்த இடைப்பட்ட மாற்றம் தெரியாது. ஸ்டாப் மோஷன் அனிமேஷனில் காகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு ஃபோட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொன்று என்று எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டுவோம். அப்படி ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் காகிதத்தை நகர்த்தும் பிள்ளையோ, இந்த இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் நகர்த்தவே முடியாது. அனிமேஷனைக் கையில் எடுப்பது அதற்காகத்தான்.

தேவையானவை

ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், அதில் 'ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ' ஆப் (இலவசப் பதிப்பே போதும்), ஏ3 அளவில் வெளிர்நிறச் சார்ட், பச்சைச் சார்ட், பஞ்சு, நீல நூல், டபுள் சைடு டேப், பஞ்சிங் மெஷின், இரண்டு ஸ்டூல், ஒரு பலகை, ஒரே மாதிரியான இரண்டு டேபிள் லேம்ப். ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. அதற்கு மேல் போனால் மீதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

செட் போடுவது

சார்ட்டைத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டூல், மேலே குறுக்காகப் பலகை. பலகையின் ஓரத்தில் கேமரா மட்டும் வெளியே நீட்டிக் கீழே பார்க்க, திரை மேலே இருக்கும்படி ஃபோனை வைத்து ஒட்டிவிடுங்கள். திரையில் தரையும் தெரிந்தால் ஜூம் செய்யாதீர்கள், படம் மங்கும். சார்ட்டுக்கு அடியில் ஒரு அட்டையும் புத்தகங்களும் அடுக்கி உயர்த்துங்கள். 40 செ.மீ. அகலம் மட்டும் தெரிந்தால் சரி.

இடமிருந்து வலமாக: கடல் 12 செ.மீ., மலையின் மேற்குச் சரிவு 12, கிழக்குச் சரிவு 10, உடுமலைச் சமவெளி 6. கடல் மட்டத்திலிருந்து மலை 16 செ.மீ. உயரம். அதை 2,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு செ.மீ. 125 மீட்டர். சமவெளியைக் கடலைவிட 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், ஏறக்குறைய 400 மீட்டர் வரும்.

காற்றுக்கு 4 செ.மீ. விட்டமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வட்டம் ஒன்று. அதன்மேல் பஞ்சிங் மெஷினில் விழுந்த 10 நீலப் பொட்டுகள், அவைதான் ஆவி. ஆவி கண்ணுக்குத் தெரியாது, புரிவதற்காகத்தான் நிறம் கொடுக்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மூலையில் வைக்க 15 முதல் 31 வரை எண் அட்டைகள், அதுதான் வெப்பநிலை.

கணக்கு

இந்தப் படத்தின் உயிரே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். நொடிக்கு 8 ஃபோட்டோ, 20 நொடிக்கு 160.

முதல் 16 தலைப்பு. அடுத்த 24இல் வட்டம் கடலைக் கடக்கிறது, ஃபோட்டோவுக்கு 5 மி.மீ. அட்டை 28.

அடுத்த 16இல் வட்டம் 500 மீட்டர் வரை ஏறுகிறது, ஃபோட்டோவுக்கு 3 மி.மீ. மேலே போகப்போக அழுத்தம் குறைந்து காற்று விரியும், விரிந்தால் குளிரும். ஆவி நீராகாத வரை காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். ஆக 28இலிருந்து 23, மூன்று ஃபோட்டோவுக்கு ஒரு அட்டை.

அதற்கு மேல் ஆவி நீராகத் தொடங்குகிறது. நீராகும்போது ஆவி தன்னிடமுள்ள வெப்பத்தை விட்டுவிடும். அதனால் குளிர்வது மெதுவாகி, கிலோமீட்டருக்குச் சுமார் 5 டிகிரிதான் இறங்கும். உச்சி வரை 48 ஃபோட்டோ, அதே 3 மி.மீ. நகர்வு, ஆறு ஃபோட்டோவுக்கு ஒரு அட்டை, உச்சியில் 15. ஒவ்வொரு அட்டை மாறும்போதும் ஒரு பொட்டை எடுத்துவிட்டு வட்டத்துக்கு மேலே ஒரு துளிப் பஞ்சு வையுங்கள். மூன்று துளி சேர்ந்ததும் ஒன்றரை செ.மீ. நூல் துண்டுகளால் மழை. நூல் ஃபோட்டோவுக்கு ஒரு செ.மீ. கீழே இறங்கட்டும்.

உச்சியில் மிஞ்சுவது 2 பொட்டு. கிழக்கே இறங்க 32 ஃபோட்டோ, 5 மி.மீ. வீதம். இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும், இப்போது வேகம் மறுபடி கிலோமீட்டருக்கு 10 டிகிரி. இரண்டு ஃபோட்டோவுக்கு ஒரு அட்டை மாறி, கீழே வரும்போது 31. கிளம்பியபோது இருந்ததைவிட 3 டிகிரி அதிகம், ஈரமோ பெருமளவு போய்விட்டது! உடுமலையில் மழை குறைவதன் காரணத்தைப் பிள்ளைகள் தங்கள் கையால் மாற்றிய அட்டையிலேயே பார்ப்பார்கள். கடைசி 24 சமவெளியில், இரண்டரை மி.மீ. வீதம்.

நிஜக் காற்று இவ்வளவு ஒழுங்காக நடக்காது. அட்டையில் உள்ளது மாதிரிக் கணக்கு, பொட்டுகளின் எண்ணிக்கை அளந்து எடுத்ததும் அல்ல.

எடுக்கும்போது

ஒருவர் வட்டம், ஒருவர் அட்டையும் பொட்டும், ஒருவர் பஞ்சும் நூலும், ஒருவர் க்ளிக், ஒருவர் கணக்குத்தாளைப் பார்த்து எண் சொல்வது. எண் சொல்பவர் "கை வெளியே" என்று சொன்ன பிறகுதான் க்ளிக். ஆப்பில் முந்தைய ஃபோட்டோ நிழல் போலத் தெரியும் வசதி இருக்கிறது, நகர்த்திய தூரத்தை அதில் சரிபார்க்கலாம். 40 ஃபோட்டோவுக்கு ஒரு முறை வேலையை மாற்றிக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்க்கையில் படம் மினுக்கு மினுக்கென்று இருந்தால், ஃபோன் தானாக வெளிச்சத்தை மாற்றுகிறது என்று அர்த்தம். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் முதல் ஃபோட்டோவுக்கு முன்பே லாக் செய்துவிடுங்கள். ஜன்னலையும் சாத்துங்கள். ஆடி மாதத்தில் மேகம் வந்து போக அறை வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், காகிதமும் பறக்கும். ஃபேனும் வேண்டாம். யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டையாக இருந்தால், குனிகிறபோது அதில் பட்ட வெளிச்சம் சார்ட்டில் விழும், க்ளிக்கின்போது எல்லோரும் ஓரடி தள்ளி நிற்கட்டும். படம் குலுங்கினால் காரணம் விரல். ஃபோனைத் தொடாமல் ப்ளூடூத் ரிமோட்டால் எடுங்கள். அழைப்பு வந்து அதிராமல் ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, ரிமோட்டுக்காக ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

குரல் கடைசியில். 20 நொடிக்கு 30 சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம், பிள்ளைகள் மூச்சு முட்ட ஒப்பிப்பார்கள்.

காற்றாலை எங்கே?

கண்டிப்பாகக் கேட்பார்கள், உடுமலை என்றாலே காற்றாலைதானே. இந்தப் படத்தில் வைக்காதீர்கள். காற்றாலைகளைச் சுழற்றும் பலத்த காற்று பெரும்பாலும் மலையேறி வருவதல்ல, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. அதற்கு மேலிருந்து பார்க்கும் வரைபடம் வேண்டும், தனிப்படமாக எடுங்கள். இறக்கையை நடுவில் குண்டூசி குத்தி, ஃபோட்டோவுக்கு 15 டிகிரி திருப்பினால் மூன்று நொடியில் ஒரு சுற்று வரும். 60 டிகிரியைத் தாண்டினால் மூன்று இறக்கைக் காற்றாலை பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியும், 120 டிகிரி திருப்பினால் அசையாமல் நிற்பது போல இருக்கும்.