அப்புச்சி நொண்டிக்கொண்டே போனார்: இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

சென்னிமலைப் பக்கம் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பையன் தன் அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவைப் பற்றி இப்படி எழுதியிருந்தான்: 'ஹி வென்ட் இன்டு த ஹவுஸ் பை லிம்பிங்.' அர்த்தம் புரிகிறது. ஆனால் அது இங்கிலீஷ் வேசம் போட்ட தமிழ்.

'நொண்டிக்கொண்டே உள்ளே போனார்' என்று நாம் சொல்லும்போது 'போனார்'தான் முற்று. எப்படிப் போனார் என்பது எச்சமாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் இது தலைகீழ். எப்படி என்பதே வினை ஆகிவிடும். எந்தப் பக்கம் என்பதை இன்டு, அவுட், அப், டவுன், அக்ராஸ் மாதிரிச் சின்னச் சொற்கள் பார்த்துக்கொள்ளும். 'ஹி லிம்ப்ட் இன்டு த ஹவுஸ்.' அவ்வளவுதான். 'வென்ட்' தேவையே இல்லை.

படி 1: வேடிக்கை பாருங்கள்

சென்னிமலைக்கு 1320 படி. வண்டிப் பாதையும் உண்டு, ஆனால் அதில் போனால் ஒரு வினையும் கிடைக்காது. பாதிப் படியில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். 'பையன் தாவித் தாவி மேலே போகிறான்.' 'அந்தம்மா காலை இழுத்து இழுத்து மேலே போகிறார்.' 'குழந்தை தவழ்ந்து ஓரத்துக்குப் போகிறது.'

படி 2: வரியை மடக்குங்கள்

'போகிறான்' என்பதை அடித்துவிடுங்கள். எச்சத்தை வினையாக்குங்கள். திசைச் சொல்லைப் பின்னால் வையுங்கள். பையன் 'பவுண்ட்ஸ் அப் த ஸ்டெப்ஸ்'. அந்தம்மா 'ட்ரட்ஜஸ் அப் த ஸ்டெப்ஸ்'. அலுத்துப்போய்க் கால் எடுத்து வைக்கும் நடைக்கு ட்ரட்ஜ் என்று பெயர். குழந்தை 'க்ரால்ஸ் டு த எட்ஜ்'. யாராவது ஓடிப்போய்த் தூக்குங்கள்.

படி 3: ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நம்பாதீர்கள்

மாட்டிக்கொள்வது இங்கேதான். நம் 'நொண்டி'யையே எடுங்கள். கால் வலித்து நொண்டினால் லிம்ப். பாண்டி விளையாட்டில் ஒற்றைக்காலில் நொண்டி அடித்தால் ஹாப். மாற்றிச் சொன்னால் அப்புச்சி பாண்டி ஆடியதாக ஆகிவிடும்.

'தூக்கு' இன்னொன்று. மஞ்சள் மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்துவது லிஃப்ட்; அதைச் சுமந்துகொண்டு வண்டிவரை போவது கேரி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் ஹோல்ட், வீசிய பந்தைப் பிடித்தால் கேட்ச், குரங்கு நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கினால் ஸ்னாட்ச். நம் ஊரில் 'குக்குங்க' என்கிறோமே, அப்படிக் கால் மடக்கிப் பாதத்தில் உட்கார்வது ஸ்குவாட். நாற்காலியிலோ தரையிலோ உட்கார்ந்தால்தான் சிட். நிலைவாசல் தலையில் இடிக்காமல் குனிவது ஸ்டூப்.

படி 4: வாய்விட்டுச் சொல்லுங்கள்

'க்ளைம்ப்' என்று பலரும் சொல்கிறோம். கடைசி 'பி' எழுத்தில் மட்டும்தான், வாயில் வராது: க்ளைம். இறந்தகாலத்தில் க்ளைம்ட். முழங்காலிடும் 'நீல்' என்ற சொல்லில் முதல் 'கே'யும் அப்படியே ஊமை. அப்புறம் இந்த 'எட்' விவகாரம். வினை 't' அல்லது 'd' ஒலியில் முடிந்தால் மட்டுமே அது தனி அசையாக ஒலிக்கும். கொடிவேரியில் முழங்கால் தண்ணீரில் நடப்பது வேட், நடந்தது வேடட். லிம்ப் அப்படி இல்லை, 'லிம்பெட்' என்று நீட்ட வேண்டாம், லிம்ப்ட்.

வீட்டுப் பாடம்

'தவளை துள்ளி வாய்க்காலுக்குள் போனது.' 'பாம்பு நெளிந்து வேலிக்கு அடியில் போனது.' இரண்டையும் மடக்கிப் பாருங்கள். முதலாவதற்கு ஹாப் போதும். பாம்புக்கு ஸ்லிதர், அடியில் என்பதற்கு அண்டர்.

அந்தப் பையன் நேற்று எழுதிக்கொண்டு வந்தது: 'த ஸ்னேக் ஸ்லிதர்ட் அண்டர் த ஃபென்ஸ். அப்புச்சி ரேன் அவுட்.' கால் வலி என்ன ஆச்சு கண்ணு என்றேன். பாம்பைப் பார்த்தா யாருங்க நொண்டுவாங்க என்கிறான்.