ஆட்டுக்குட்டியின் முதல் மூன்று மாதம்: நாயும் பூனையும் உள்ள தோட்டத்துக்கு

ஐந்தாறு ஆடு வளர்க்கும் வீட்டில் லாபமும் நட்டமும் குட்டியிடம்தான் இருக்கிறது. குட்டி பிழைத்து வளர்ந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். இழப்பு பெரும்பாலும் முதல் சில நாட்களில், குளிராலும் சீம்பால் பற்றாமலும்தான் வருகிறது. இரண்டையும் காசு செலவில்லாமல் தடுக்கலாம். தெரியாமல் விடுவதால்தான் குட்டிகள் போகின்றன.

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடாய் சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும், ஈனும் வாரம் தெரிந்துவிடும். ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு தாய்க்குத் துள்ளுமாரி (குடலில் நச்சு உண்டாக்கும்) நோய்த் தடுப்பூசி போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேரும். கடைசி வாரத்தில் தாயைத் தனியாகக் கட்டி, காய்ந்த வைக்கோலை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். நாயை அந்தப் பக்கமே விடக்கூடாது. நாய் நின்றால் தலை ஈத்து ஆடு, அதாவது முதல் முறை ஈனும் ஆடு, மிரண்டு குட்டியை நக்காமல் விட்டுவிடும்.

பனிக்குடம் உடைந்து ஆடு முக்கத் தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியும் குட்டியின் கால்களோ மூக்கோ தெரியவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. நஞ்சுக்கொடி தானாக விழ வேண்டும், பிடித்து இழுத்தால் கருப்பை கிழிந்து ரத்தம் கொட்டும். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் அதற்கும் மருத்துவர்தான். விழுந்ததை நாய் தின்னாதபடி ஆழமாகப் புதையுங்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துணியால் வழித்துவிட்டு, தாயின் முகத்துக்கு நேராகப் போடுங்கள். தாய் நக்கி உலர்த்துவதுதான் நல்லது. அந்த வாசனையில்தான் அது தன் குட்டியை அடையாளம் வைத்துக்கொள்ளும், ஆகவே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். தொப்புள் கொடி நீளமாகத் தொங்கினால் இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, சுத்தமான பிளேடால் நறுக்கி, நுனி முழுவதும் நனையும்படி டிங்சர் அயோடினில் முக்குங்கள். மஞ்சள் தடவினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஈரத் தொப்புள் வழியே கிருமி ஏறினால் சில நாட்களில் முழங்கால் மூட்டு வீங்கிக் குட்டி நொண்டும். அந்த மூட்டு முழுமையாகச் சரியாவது அரிது.

அடுத்தது சீம்பால். காம்பு நுனியில் மெழுகுபோல ஒரு அடைப்பு இருக்கும், இரண்டு பீச்சு பீச்சி அதை எடுத்துவிட்டுக் குட்டியை ஊட்ட விடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறை குடித்தாக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. 50 மில்லி வீதம் நான்கைந்து தடவை. எதிர்ப்புப் புரதங்களைக் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் நாளில் மட்டும்தான். மணிக்கு மணி அது குறைந்துகொண்டே போகும். மறுநாள் கொடுக்கும் சீம்பால் பசியாற்றும், நோயைத் தடுக்காது. பால் மிகுந்த ஆடு ஈனும்போது கொஞ்சம் சீம்பாலைச் சிறு பாட்டில்களில் ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொண்டால், தாய் இறந்த குட்டிக்கு உதவும். உருக்க வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தினால் போதும். அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும், பலனும் போய்விடும்.

குட்டி சோர்ந்து கிடந்தால் பால் புகட்டும் முன் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, விழுங்கும் சக்தியும் இருக்காது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் துணியால் தேய்த்து உலர்த்துங்கள். சுடுநீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, கோணிச் சாக்கால் போர்த்துங்கள். 60 வாட் குண்டு பல்பை இரண்டடி உயரத்தில், சாக்கிலும் வைக்கோலிலும் படாதபடி கட்டலாம். வாய் சூடேறி, விரலைச் சப்ப ஆரம்பித்ததும் பால் கொடுங்கள்.

புட்டியில் கொடுக்கும்போது குட்டி நான்கு காலில் நிற்க வேண்டும், கழுத்து மேல்நோக்கி நீண்டிருக்க வேண்டும். மடியில் மல்லாத்திப் போட்டுக் கொடுத்தால் புரையேறி நுரையீரல் அழற்சி வரும். ரப்பர் காம்பின் துளை பெரிதாக இருந்தாலும் அதே ஆபத்து: புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஒழுகக் கூடாது. பசும்பால் கொடுக்கலாம். சர்க்கரை, தண்ணீர் எதுவும் சேர்க்காதீர்கள். ஒரேயடியாக நிறையக் கொடுப்பதுதான் முதல் இரண்டு வாரக் கழிச்சலுக்கு முக்கியக் காரணம். அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டுங்கள். கழிந்தால் இடைவேளைகளில் ஓ.ஆர்.எஸ். கரைசல் தனியாகக் கொடுங்கள். பாலில் கலந்தால் வயிற்றில் பால் சரியாக உறையாது.

மூன்று குட்டி ஈன்றால் சிறியதுதான் பட்டினி கிடக்கும். துணிப்பையில் குட்டியைப் போட்டுத் தொங்கு தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஏறாமல் நிற்பதுதான் முதல் அறிகுறி. கண்ணுக்கு மெலிவு தெரிவதற்குள் நாள் கடந்திருக்கும்.

மூன்றாவது வாரத்துக்கு மேல் கறுத்தோ ரத்தம் கலந்தோ கழிந்தால் அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல் நோய். நெருக்கமும் ஈரத் தரையும்தான் அதை வளர்க்கின்றன. புதுப் புழுக்கையைச் சிறு டப்பாவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்து மருந்து வாங்குங்கள். குடற்புழு மருந்து இதற்குக் கேட்காது. தரையிலிருந்து உயர்த்தி இடைவெளி விட்டுப் பலகை அடித்த பரண் கொட்டகை இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இரண்டு வாரத்தில் குட்டி தழை கொறிக்கத் தொடங்கும். அகத்தி, வேலிமசால், முருங்கைத் தழையைக் கட்டாகக் கட்டி அதன் முகம் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள், தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். மரவள்ளி இலை, வாடிய இளஞ்சோளம், அரளி எதுவும் எட்டக் கூடாது. விருந்து, பண்டிகை நாட்களில் மிச்சச் சோற்றையும் இட்லி மாவையும் பாசத்தோடு ஆட்டுக்கு வைப்பார்கள். வயிறு புளித்து, உப்பி, ஒரே நாளில் செத்துவிடும். கோழித் தீவனத்தைத் திருடித் தின்றாலும் இதே கதிதான்.

இனி நாயும் பூனையும். பூனை எலிக்கு வேண்டும், ஆனால் கலப்புத் தீவனத்திலோ வைக்கோலிலோ அதன் கழிவு பட்டால் சினை ஆடு குட்டி வீச வாய்ப்புண்டு. மூட்டையை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், பூனைக்கு ஒரு மூலையில் மணல் ஒதுக்குங்கள்.

ஆடு அறுக்கும் நாளில் தலை, மூளை, ஈரல் எதையும் நாய்க்குப் பச்சையாகப் போடவே கூடாது. அதிலுள்ள நீர்க்கட்டி நாயின் குடலில் நாடாப்புழுவாகும். நாயின் கழிவிலிருந்து முட்டை புல்லில் பரவி, மேயும் ஆட்டின் மூளைக்குப் போய் மறுபடி கட்டியாகும். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஆடு ஒரே வட்டமாகச் சுற்றினால் இதைச் சந்தேகியுங்கள், மருந்து பெரும்பாலும் பலிக்காது. ஈரல், நுரையீரலில் வரும் இன்னொரு வகைக் கட்டியை உண்டாக்கும் நாடாப்புழுவின் முட்டை, நாயைக் கொஞ்சும் குழந்தையின் கைவழியே மனிதரையும் பிடிக்கும். ஆகவே நன்றாக வேகவைத்துப் போடுங்கள். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாடாப்புழுவையும் கொல்லும் பிராசிகுவான்டல் கலந்த மாத்திரை, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி.

துள்ளி ஓடும் குட்டியைக் கண்டால் எந்த நாய்க்குட்டிக்கும் துரத்தத் தோன்றும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்கு அது ரத்தத்திலேயே உண்டு. ஒன்றரை வயது வரை கயிற்றோடுதான் ஆடுகளுக்கிடையே கொண்டுபோக வேண்டும். அமைதியாகப் படுத்திருக்கும்போது தட்டிக்கொடுங்கள். விளையாட்டாகக் காதைக் கவ்வுவதையும் அனுமதிக்காதீர்கள், இரண்டு நாய் சேர்ந்துவிட்டால் விளையாட்டு வேட்டையாக மாற நேரமாகாது. வெளி நாய் குட்டியைக் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில், பிறந்த எடையைப்போல மூன்று மடங்காவது வந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாம். ஒரே நாளில் பிரிக்காமல் பால் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து ஒரு வாரத்தில் முடியுங்கள். முதல் குடற்புழு நீக்கத்தைப் பிரிப்பதற்கு முன்பே, நிறுத்த எடைக்கு ஏற்ற அளவில் முடித்துவிடுங்கள். ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர். என்ற வைரஸ்) நோய்க்கும் துள்ளுமாரிக்குமான தடுப்பூசிகளை மூன்று மாதம் கடந்த பின் போட வேண்டும். தாயைப் பிரித்த அதே நாளில் ஊசியும் சேர்ந்தால் குட்டி தளர்ந்துவிடும், நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். துள்ளுமாரி ஊசியின் இரண்டாவது தவணையை இரண்டு மூன்று வாரத்தில் மறக்காமல் போடுங்கள்.